காலியாக விட்ட கட்டம்

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. தென்காசியில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஓர் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன் என்று நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு விண்ணப்பம் நிரப்புவதுதான் என் பிழைப்பு. "நீங்களே பாத்து எழுதிக்கிடுங்கம்மா, நான் கையெழுத்த மட்டும் போட்டுட்டுப் போறேன்" என்று யாராவது சொன்னால் பேனாவைப் பிடுங்கி வைத்துவிடுவேன். "நாளைக்கு ஒங்க வீட்ட நான் என் பேருக்கு எழுதிக்கிட்டா என்ன செய்வீங்க? மொதல்ல எல்லாக் கட்டத்தையும் நெரப்பணும். காலியா கெடக்குற எடத்துல கோடு போடணும். பொறவுதான் கையெழுத்து." வருகிறவர்கள் எனக்கு வாயாடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துவிட்டுப் போகட்டும்.

என் வீட்டிலோ கதை வேறு. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவைதான் பெரிய லீவு. லீவு முடிந்து கிளம்புகிற காலையில், பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கையெழுத்துப் போடுவார். பேங்க் படிவம், கேஸ் படிவம், கூட்டுறவுச் சங்கத்து மனு, வீட்டு வரி மனு, போதாக்குறைக்குப் பத்துப் பன்னிரண்டு வெள்ளைத் தாள். எது எப்போது தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்? அவர் இருக்கிற மலைக்குத் தபால் போய்த் திரும்ப ஒரு மாதம் ஆகும். குத்துக்கல்வலசையில் எங்கள் தெருவில் மட்டும் ஐந்தாறு பட்டாளத்து வீடுகள். எல்லா வீட்டு பீரோவிலும், சேலைகளுக்கு அடியில், இப்படி ஒரு கட்டு இருக்கும். "கட்டத்த நெரப்பிட்டுப் போடுங்க அத்தான்" என்று ஆரம்பத்தில் நானும் சொல்லிப் பார்த்தேன். "அதான் நீ இருக்கல்லாட்டி, நீ நெரப்பிக்கிடு" என்பார். உண்மையைச் சொன்னால், அதைக் கேட்கிறபோது எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

கல்யாணமாகி எட்டு வருஷம். முதல் வருஷமே உண்டாகி, ஐந்தாம் மாதத்தில் வலியே இல்லாமல் போய்விட்டது. கர்ப்பப்பையின் வாய் பலவீனமாக இருக்கிறது என்றார்கள். அதற்குப் பிறகு உண்டாகவே இல்லை. மாத்திரை, ஸ்கேன், ஊசி என்று லீவை ஒட்டி ஒட்டி வைத்தியம் பார்த்துக் கடைசியில் டெஸ்ட் டியூபுக்கு வந்து சேர்ந்தோம். முதல் தடவை ஒரே ஒரு கருவை வைத்தார்கள். தங்கவில்லை. மீதி மூன்று கருக்களைத் தென்காசி ஆஸ்பத்திரியிலேயே உறைய வைத்திருந்தார்கள். போன வருஷம் சாரல் காலத்தில் அவர் லீவில் வந்தபோது, அடுத்த தடவைக்கு அதில் எத்தனையை வைப்பது என்ற பேச்சு வந்தது.

டாக்டரம்மாவுக்கு ஏறக்குறைய என் வயதுதான். அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு மட்டும் ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்து, எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து விளக்கினார். "ஒரு குழந்தைன்னா கர்ப்பப்பை வாயில தையல் போட்டு, படுக்க வச்சு எப்படியும் கொண்டு போயிரலாம். ரெண்டுன்னா கனம் தாங்காது. ஆறாம் மாசத்துல பிறந்துட்டா அந்தக் குழந்தைங்கள காப்பாத்துறது ரொம்பக் கஷ்டம். உங்க உடம்புக்கு ஒண்ணுதான் சரி." அவ்வளவு தெளிவாகச் சொன்னார். புரியவில்லை என்று சொல்ல எனக்கு வழியே கிடையாது.

லீவின் கடைசி வாரம் குற்றாலத்துக்குப் போனோம். ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தோம். தூறிக்கொண்டே இருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு பெண் இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே துண்டால் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். நான் அதையே பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"ஏட்டி, ஒண்ணு போதும்" என்றார். "எனக்கு நீ முழுசா வேணும். ஒண்ணு தங்கலன்னா அடுத்த வருசம் இன்னொண்ணு. அதுவும் இல்லன்னா அதுக்குப் பொறவு ஒண்ணு. நமக்கு என்ன, ரயிலா போயிருது?"

"சரி, ஒண்ணுதான்" என்றேன். அந்த நிமிஷத்தில் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ஆஸ்பத்திரிப் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். 'உள்ளே வைக்கப்படும் கருக்களின் எண்ணிக்கை' என்று அதில் ஒரு கட்டம். உறைய வைத்ததை வெளியே எடுத்தால்தான் எது பிழைத்திருக்கிறது என்று தெரியும், அதனால் அதை அன்றைக்கு எழுதிக்கொள்ளலாம் என்றாள் நர்ஸ். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இத எவ நெரப்புவான்னு ஒங்களுக்கே தெரியும்" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்தை இழுத்தார்.

அவர் போனதும் வீட்டில் அத்தை, அவருடைய அம்மா, ஆரம்பித்தார். "ஒத்தையாவா வைக்கப் போறாவ? வந்தவங்களுக்கு இலையில ஒத்த வடை வைப்போமாட்டி? தாம்பூலத்துல ஒத்தப் பழம் வைப்போமா? போன தடவ ஒத்தையா வச்சுத்தானே போச்சு?" எங்கள் பக்கத்தில் எதையும் ஒற்றையாகக் கொடுப்பதில்லை என்பது வாஸ்தவம்தான். ஒரு இட்லி போதும் என்று எழுந்தால் இரண்டாவதைத் தட்டில் போட்டுவிட்டுத்தான் விடுவார்கள். ஆனால் பழியைத் தூக்கி அத்தை தலையில் போடுகிற ஆள் நான் இல்லை. அவருடைய பேச்சைக் கேட்டு நான் நடந்த காரியம் இந்த எட்டு வருஷத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

எனக்கு ஆசை. அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. எட்டு வருஷமாக வளைகாப்புகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். "விசேஷம் உண்டா?" என்று கேட்கிற ஒவ்வொருத்தி முன்னாலும் இரண்டு கையிலும் இரண்டு பிள்ளையை ஏந்திக்கொண்டு போய் நிற்க வேண்டும், வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வெறி. அதோடு அலுப்பும் இருந்தது. மறுபடி ஊசி, மறுபடி காத்திருப்பு, மறுபடி லீவு முடிந்து தனியாக வீட்டுக்குள் வருவது. ஒரேயடியாக முடிந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

கரு வைக்கிற அன்று காலை, வெளியே எடுத்த இரண்டும் நன்றாகப் பிழைத்திருக்கின்றன, மூன்றாவதைத் தொடவே இல்லை, அது உறைந்தபடியே இருக்கட்டும் என்றார்கள். ஒன்று சரியில்லாமல் போனால் என்று இரண்டை வெளியே எடுத்திருக்கிறார்கள். நர்ஸ் படிவத்தை நீட்டி, "இந்தக் கட்டத்த நெரப்பிருங்க அக்கா" என்றாள். அவருடைய கையெழுத்து கீழே தயாராக இருந்தது. நான் 2 என்று எழுதினேன். எண்ணால் மட்டும் எழுதினால் யாராவது திருத்தலாம் என்று, தொழில் பழக்கத்தில், பக்கத்தில் 'இரண்டு' என்று எழுத்தாலும் எழுதினேன்.

டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். "ஒண்ணுன்னுதானே ரெண்டு பேரும் சொல்லிட்டுப் போனீங்க? இன்னொண்ண மறுபடி உறைய வச்சுக்கலாமே?"

"போன்ல பேசிட்டோம் டாக்டர். அவுகளும் ரெண்டுன்னுதான் சொல்லுதாவ."

டாக்டரம்மா உடனே நம்பவில்லை. என் போனை வாங்கி அவரே கூப்பிட்டுப் பார்த்தார். மலையில் சிக்னல் ஏது? இரண்டு தடவை முயன்றார். ஒன்றும் கேட்கவில்லை. முதலில் வரைந்த அதே படத்தை மறுபடி வரைந்தார், அதே வார்த்தைகளை மறுபடி சொன்னார். "ஆபத்துகளை விளக்கிச் சொன்னார்கள், புரிந்துகொண்டேன்" என்று என் கையாலேயே எழுதச் சொன்னார். எழுதினேன். கணவரின் கையெழுத்து, மனைவியின் கையெழுத்து, நிரப்பிய கட்டம், எல்லாம் இருந்தன. அதற்கு மேல் அந்த அம்மா என்ன செய்வார்?

நாலு நாள் கழித்து வீட்டுக்காரர் போனில் வந்தார். "டாக்டர்தான் ரெண்டும் நல்லாயிருக்கு, ரெண்டையும் வச்சிரலாம்னு சொல்லிட்டாவ அத்தான்" என்றேன். "ரெண்டுமா?" என்று திருப்பிக் கேட்டார். பிறகு, "அவுங்களே சொன்னா சரிதான்" என்றார். டாக்டரிடம் ஒரு பொய், புருஷனிடம் ஒரு பொய். இரண்டையும் சேர்த்துச் சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

இரண்டும் தங்கின. ஸ்கேனில் இரண்டு துடிப்பு தெரிந்த அன்றைக்கு, நான் செய்தது தப்பே இல்லை என்று நம்பினேன். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். அத்தை பண்பொழி திருமலைக் கோயிலுக்குப் படியேறியே வருவதாக நேர்ந்துகொண்டார், முட்டுவலியோடு. எங்கள் தெருவே ஆளுக்கொரு பெயர் சொன்னது. தையல் போட்டார்கள். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தி, வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, தலை தாழ்ந்தபடி படுத்துக் கிடந்தேன். வயிறு மற்றவர்களுக்கு இருப்பதைவிடச் சீக்கிரமே பெரிதானது. எனக்கு அதிலும் கர்வம்.

ஆறாம் மாதம், மாசியில், ஒரு மத்தியானம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது வலி வந்தது. தென்காசியில் தையலைப் பிரித்துவிட்டு, குறைமாதப் பிள்ளைகளைப் பார்க்கிற வசதி திருநெல்வேலியில்தான் இருக்கிறது என்று ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். டாக்டரம்மாவும் கூட ஏறிக்கொண்டார். வழி முழுக்க என் கையைப் பிடித்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் ஆம்புலன்ஸின் கூரையையே பார்த்துக்கொண்டு போனேன்.

முதலில் பெண். ஒரு மணி நேரம்கூட உயிரோடு இல்லை. அடுத்தது பையன். அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். என் உள்ளங்கை நீளம்தான் அவன் முதுகு. தோலுக்குள்ளே நரம்பு தெரிந்தது. நெஞ்சு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு பாடு எதற்குப் பட்டான்? என் வீட்டுக்காரர் திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, நாலாம் நாள் திருநெல்வேலி வந்து சேர்ந்தார். பெண்ணை அதற்குள் எங்கள் வயக்காட்டு ஓரத்தில் புதைத்தாகிவிட்டது. பையனை அவர் கண்ணாடிக்கு வெளியே நின்று அரை மணி நேரம் பார்த்தார். அன்று சாயங்காலம் அவனும் போய்விட்டான். தன் சட்டையைக் கழற்றி அதில்தான் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். பட்டாளத்துக்காரர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பத்தாம் நாள் என்னைச் சோதனைக்காகத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மாவின் அறைக் கதவைச் சாத்தக்கூட இல்லை, கத்த ஆரம்பித்துவிட்டார். "ஒண்ணுதான் சரின்னு சொன்னது நீங்க. நான் அங்கன போன பொறவு ரெண்டுன்னு மாத்திச் சொன்னதும் நீங்க. இவ ஒடம்பு தாங்காதுன்னு ஒங்களுக்குத் தெரியும்லா? ரெண்டையும் கொன்னுட்டியளே!" வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். என் ஃபைல் அவர் மேஜை மேல்தான் கிடந்தது. அதன் மேல் ஒரு கையை வைத்திருந்தார். திறந்து மூன்றாம் பக்கத்தில் இருந்த அந்தப் படிவத்தைக் காட்டியிருந்தால் என் கையெழுத்தே எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். அவர் திறக்கவில்லை. என் முகத்தில் என்ன கண்டாரோ, "என்னை மன்னிச்சிருங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊருக்கெல்லாம் பேசுகிற இந்த வாய் அன்றைக்குத் திறக்கவே இல்லை. அதற்காக என்னை நான் இன்றுவரை காறித் துப்பிக்கொள்கிறேன்.

அதோடு நிற்கவில்லை. டீக்கடையில், கல்யாண வீட்டில், பழகின பட்டாளத்து ஆட்களிடம், "அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே போயிராதிய" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் ஊரைவிட்டுப் போனார். இரண்டு மாதம் கழித்து நான் வேலைக்குத் திரும்பினேன். ஒருநாள் புளியறையிலிருந்து ஒரு பெண் காப்பீட்டு அட்டைக்கு வந்தாள். நான் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கையில் குரலைத் தாழ்த்தி, "அக்கா, எனக்கும் பிள்ள இல்ல. அந்த டாக்டரம்மாட்டதான் போகலாம்னு இருந்தோம். ஒங்க வீட்டுக்காரர் போகாதன்னு சொன்னாராமே, நெசமா?" என்றாள். இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். "எனக்குத் தெரியாதும்மா" என்றேன். ரசீதை வாங்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். அன்று அதற்குப் பிறகு வந்த எல்லாரையும் காரணமில்லாமல் திட்டினேன்.

இந்த வருஷமும் சாரலோடு அவர் வந்தார். மூன்றாவது கரு இன்னும் ஆஸ்பத்திரியில் உறைந்துதான் இருக்கிறது. "அத அங்கன விட்டு வைக்க வேண்டாம். திருவனந்தபுரத்துக்கு மாத்திருவோம். நாளைக்குப் போயி ஃபைல் காப்பி மொத்தத்தையும் வாங்கிட்டு வாரேன்" என்றார். மொத்தத்தையும் என்றால் மூன்றாம் பக்கமும்தான். நான் யோக்கியமானவள் ஆகி உண்மையைச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்று தெரிந்துதான் சொன்னேன்.

அன்று சாயங்காலம் ஐந்தருவிக்குக் கூப்பிட்டார். போனோம். கூட்டம் நெரிந்தது. குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரர் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். இங்கே சொல்லாவிட்டால் எங்கேயும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது.

"அத்தான், ரெண்டுன்னு டாக்டரம்மா சொல்லல. அவுக கடைசி வரைக்கும் வேண்டாம்னுதான் சொன்னாவ. நாந்தான் எழுதுனேன்."

துண்டு தலையிலேயே நின்றது. "என்ன எழுதுன?"

"அந்தக் கட்டத்துல. ரெண்டுன்னு."

"நான் போட்ட கையெழுத்துக்கு மேலயா?"

"ஆமா."

திட்டுவார், கை ஓங்குவார், அருவிக்கரையில் மானத்தை வாங்குவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் நின்றேன். அவர் துண்டைப் பிழிந்தார். தண்ணீர் வருவது நின்ற பிறகும் பிழிந்துகொண்டே இருந்தார். பிறகு பைக்கை எடுத்தார். ஏறிக்கொண்டேன். வீடு வரைக்கும் அவர் தோளைப் பிடிக்காமல் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனார். காப்பி எதுவும் வாங்கவில்லை. டாக்டரம்மா அறைக்குள் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம். நர்ஸ்தான் பிறகு எனக்குச் சொன்னாள். அன்றைக்கே டீக்கடைக்கும் போய், தான் போன தடவை சொன்னது தப்பு, அந்த அம்மா மேல் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அப்படியென்றால் யார் மேல் குறை என்று அங்கே யாரோ கேட்டதற்கு, "எம் மேலதான்" என்றாராம். என் பெயரை அவர் எங்கேயும் எடுக்கவில்லை. திருவனந்தபுரத்துப் பேச்சு நின்றது. கரு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், என் உடம்பு தேறியதும் பார்க்கலாம் என்று டாக்டரம்மாவும் சொல்லி, புதுப் படிவம் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்.

என்னிடம் பேசாமல் இல்லை. சாப்பாடு கேட்டார், சட்டை எங்கே என்று கேட்டார். மாத்திரை போட்டாயா என்றுகூடக் கேட்டார். நானாக ஆரம்பித்தால் மட்டும், "அது கெடக்கட்டும்" என்று எழுந்துவிடுவார்.

கிளம்புகிற காலை. பெட்டி வாசலுக்குப் போயிற்று. மேஜையில் உட்கார்ந்து, "பீரோவுல இருக்க அந்தக் கட்ட எடு" என்றார். கொண்டுவந்து வைத்தேன். முன்பு கையெழுத்துப் போட்டு வைத்திருந்த வெள்ளைத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து நாலாகக் கிழித்து ஓரமாக வைத்தார். பிறகு புதுப் படிவங்களை எடுத்தார். கேஸ் படிவத்தில் பெயர், விலாசம், தேதி எல்லாம் அவரே எழுதினார். தெரியாததை மட்டும் என்னிடம் கேட்டார். "நம்பர் எத்தன?" சொன்னேன். காலியாக இருந்த இடங்களில் கோடு போட்டார். அதன் பிறகு கையெழுத்து. பேங்க் படிவத்திலும் அப்படியே. ஒரு மணி நேர வேலை அன்றைக்கு மூன்று மணி நேரம் ஆனது. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத் தாளில் ஒரு கையெழுத்துகூடப் போடவில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரிப் படிவம். எண்ணிக்கைக் கட்டம் வந்தது. மிச்சம் இருப்பதே ஒன்றுதான். அந்தக் கட்டத்தை யாரிடம் கொடுத்தாலும் அதில் வேறு எண்ணை எழுத முடியாது. அவர் 1 என்று எழுதினார். பக்கத்தில் 'ஒன்று' என்று எழுத்தால் எழுதினார். மீதி இடத்தில் கட்டத்தின் ஓரம் வரைக்கும் அழுத்திக் கோடு போட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார்.

"நல்லா வாசிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடு" என்றார்.

வாசித்தேன். ஒரு தப்பும் இல்லை. நான் ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிற மாதிரியே நிரப்பியிருந்தார். அவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.